சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு நாயோடு போவது: தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

எங்கள் மணி ஒரு டீக்கடை வாசலில் கிடைத்த நாட்டு நாய். வேலை ஃபிராங்க்ஃபர்ட்டில் என்று முடிவானதும் நான் முதலில் பார்த்தது விமான டிக்கெட் விலை, அடுத்தது கூண்டு விலை. இரண்டுமே அவசரமில்லாத விஷயங்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவசரமான விஷயம் மணியின் தடுப்பூசிப் புத்தகத்தில் இருந்தது: ரேபிஸ் ஊசி போட்ட தேதிக்கு இரண்டு நாள் கழித்துத்தான், நாயை அடையாளம் காட்டும் எண் கொண்ட மைக்ரோசிப் பொருத்திய தேதி. கிளினிக்கில் சிப் ஸ்டாக் இல்லை, இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். நானும் சரி என்று போனேன். அந்த இரண்டு நாளால் அந்த ஊசி ஐரோப்பியக் கணக்கில் போடாத ஊசி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

நாயைக் கூட்டிக்கொண்டு நாடு மாறுவதில் நாய் பெரிய சிக்கலே இல்லை. அது உங்களோடு எங்கும் வந்துவிடும். சிக்கல் தேதிகளின் வரிசையில்தான். சிப், ஊசி, ரத்தம், காத்திருப்பு, சான்றிதழ் என்ற இந்த ஐந்தும் இதே வரிசையில் நடக்க வேண்டும். ஒன்று முன்னால் போனாலும் பின்னால் வருபவை எல்லாம் செல்லாது. நான் சொல்வது சென்னையிலிருந்து ஜெர்மனி போகும் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளுக்கும் பெரும்பாலும் இதேதான். பூனைக்கும் இதே விதிகள். அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போகிறவர்களுக்குப் பின்னால் ஒரு பகுதி வைத்திருக்கிறேன்.

முதலில் காலண்டர்

ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் சில நாடுகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நம் நாய்க்கு ரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு இருக்கிறது என்று காட்ட வேண்டும். டாக்டர்கள் இதை டைட்டர் டெஸ்ட் என்பார்கள்.

கணக்கு இப்படி. சிப் பொருத்திய பிறகு, அல்லது அதே நாளில், ரேபிஸ் ஊசி. ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்த பிறகுதான் ஐரோப்பாவுக்குள் நுழையலாம். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அல்ல, ரத்தம் எடுத்த நாளிலிருந்து. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம்: ஜனவரி 5-ஆம் தேதி சிப்பும் ஊசியும். பிப்ரவரி 6-ஆம் தேதி ரத்தம். மே 6 கழிந்த பிறகு பயணம். ஆக எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நான்கு மாதம் ஆகிறது. முதல் ரத்தப் பரிசோதனையில் அளவு குறைந்தால் திரும்ப ஊசி, திரும்ப 30 நாள், திரும்ப மூன்று மாதம். அதனால் கையில் ஆறு மாதம் இருந்தால்தான் நிம்மதி. வேலைக்குச் சேரும் தேதி தெரிந்ததும், ஏன், இன்டர்வியூ இரண்டாவது சுற்று தாண்டியதுமே சிப்பையும் ஊசியையும் முடித்துவிடுங்கள். வேலை கிடைக்காமல் போனாலும் நாய்க்கு ஊசி வீணாகப் போவதில்லை.

குட்டி நாய் என்றால் 12 வாரம் ஆகும் முன் போட்ட ரேபிஸ் ஊசி கணக்கில் வராது. 12 வாரம், அதன் மேல் 30 நாள், அதன் மேல் மூன்று மாதம். அதாவது ஏழு மாதம் ஆகாத குட்டி இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நுழையவே முடியாது. யாராவது ‘மூணு மாசக் குட்டியை அனுப்பித் தர்றேன்’ என்று சொன்னால் அவர்களுக்கு விதி தெரியாது, அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார்கள்.

மூன்று மாதக் காத்திருப்பு ஏன் என்று நானும் முதலில் எரிச்சல்பட்டேன். காரணம் நியாயமானதுதான். ஊசி போடுவதற்கு முன்பே ஒரு நாய்க்கு ரேபிஸ் தொற்றியிருக்கலாம். அதன் ரத்தத்திலும் பிறகு எதிர்ப்புச் சக்தி தெரியும். ஆனால் நோய் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும், வெளியே தெரிய வாரங்கள், மாதங்கள் ஆகலாம். அந்த நாயை ரத்தப் பரிசோதனை பிடிக்காது, காலம்தான் பிடிக்கும். ஜெர்மனி 2008-இல் தரைவாழ் விலங்குகளிடையே ரேபிஸ் ஒழிந்துவிட்டது என்று அறிவித்த நாடு. அவர்கள் கவலைப்படத்தான் செய்வார்கள்.

சிப்

ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில் உள்ள, பதினைந்து இலக்க எண் கொண்ட சிப் வேண்டும். அரிசி மணி அளவு இருக்கும், கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். மயக்க மருந்து தேவையில்லை. மணி அதைவிட டாக்டரின் தராசுக்குத்தான் அதிகம் பயந்தது.

சென்னை மாநகராட்சி இப்போது வளர்ப்பு நாய் உரிமத்துக்கே மைக்ரோசிப் கேட்பதால் உங்கள் நாய்க்கு ஏற்கெனவே சிப் இருக்கலாம். அப்படியானால் திரும்பப் போட வேண்டாம். டாக்டரிடம் ஸ்கேனரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பதினைந்து இலக்கமா என்று எண்ணுங்கள். அந்த எண்ணையும், பொருத்திய தேதியை அல்லது படித்த தேதியையும் தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதி, சீல் வைத்து, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் ரேபிஸ் ஊசி. இதற்கு முன் எத்தனை வருடம் ஒழுங்காக ஊசி போட்டிருந்தாலும், சிப்புக்குப் பின் போட்டதே முதல் ஊசி என்று கணக்கு.

சிப்போடு வரும் பார்கோடு ஸ்டிக்கர்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றைப் புத்தகத்தில் ஒட்டுங்கள், ஒன்றை ரத்தப் பரிசோதனைப் படிவத்துக்கு வையுங்கள். பதினைந்து இலக்கத்தைக் கையால் எழுதும்போது ஓர் இலக்கம் மாறினால், காகிதத்தில் அது வேறு நாய்.

ஊசியும் ரத்தமும்

தேவையான அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு. அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் பாஸ். பல வருடம் ஊசி போட்டுப் பழகிய நாய்கள் சாதாரணமாகத் தாண்டிவிடும். வாழ்க்கையில் முதல்முறை ஊசி போட்ட குட்டிகள்தான் சில நேரம் தவறும். அதனால் குட்டிகளுக்கு முதல் ஊசிக்குச் சில வாரம் கழித்து ஒரு பூஸ்டரும் போட்டு, அதன் பிறகு ரத்தம் எடுக்கலாம் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். கேட்பது நல்லது. ஊசிக்குப் பிறகு ஏறும் அளவு சில மாதங்களில் மெல்ல இறங்கவும் செய்யும். 30 நாள் தாண்டியதும் சோம்பேறித்தனம் பார்க்காமல் ரத்தம் எடுத்துவிடுங்கள்.

ரத்தத்தை எந்த லேபுக்கும் கொடுத்துவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதல் கொடுத்த ஆய்வகங்களின் பட்டியல் அவர்களது அதிகாரபூர்வ தளத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள லேபின் ரிப்போர்ட் மட்டுமே செல்லும். தெருமுனை லேபில் ‘ரேபிஸ் ஆன்டிபாடி டெஸ்ட் நாங்களும் செய்வோம்’ என்பார்கள். செய்யலாம், ஆனால் அந்தக் காகிதம் ஃபிராங்க்ஃபர்ட்டில் எதற்கும் உதவாது.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் லேபைத் தேர்ந்தெடுத்து அவர்களுடைய படிவத்தை வாங்குங்கள். மாதிரியை எப்படி அனுப்ப வேண்டும், எந்த கூரியர் எடுக்கும், என்ன கடிதங்கள் வைக்க வேண்டும் என்பதை ரத்தம் எடுப்பதற்கு முன்பே கேட்டு முடியுங்கள். ரத்தம் எடுக்கும் அன்று டாக்டர் சிப்பை ஸ்கேன் செய்து, எண்ணைப் பார்த்துப் படிவத்தில் எழுதட்டும். ரத்தத்தைச் சுழற்றி, சீரத்தைப் பிரித்து, குளிர்ச்சியாக வைத்து அனுப்புவார்கள். முழு ரத்தமாக அனுப்பினால் வழியில் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். உள்ளே ஒரு குழாய், அதைச் சுற்றிக் கசிவை உறிஞ்சும் பஞ்சு, கசியாத இரண்டாவது உறை, வெளியே கெட்டியான பெட்டி என்று மூன்று அடுக்குக் கட்டு. எந்தக் கட்டத்திலும் கூரியர்காரர் ‘உள்ளே என்ன?’ என்பார். அதற்கான கடிதம் தயாராக இருக்கட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் அளவை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். சிப் எண், ரத்தம் எடுத்த தேதி, நாயின் பெயர் மூன்றையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் அன்றே லேபுக்கு எழுதித் திருத்தி வாங்குங்கள். பயணத்துக்கு முந்தின வாரம் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த ரிப்போர்ட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ரேபிஸ் பூஸ்டரை ஒவ்வொரு முறையும் கெடுவுக்குள் போட்டுக்கொண்டே வந்தால், இது நாயின் ஆயுள் முழுக்கச் செல்லும். ஒரே ஒரு நாள் தாமதமானாலும் அந்த ஊசி புதிய முதல் ஊசியாகிவிடும், ரத்தப் பரிசோதனையும் திரும்பச் செய்ய வேண்டும். காத்திருக்கும் மூன்று மாதத்துக்குள் பூஸ்டர் கெடு வருகிறதா என்று இப்போதே பாருங்கள். வந்தால், கெடு தீர்வதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கூண்டு: காத்திருக்கும் மூன்று மாதத்தின் வேலை

லுஃப்தான்சா மாதிரி விமான நிறுவனங்களில் பையோடு சேர்த்து 8 கிலோ வரை உள்ள நாய், பூனையைக் காலடியில் வைத்துக்கொண்டு பறக்கலாம். பையின் அளவு 55, 40, 23 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பூனைக்காரர்களும் சின்ன பொமரேனியன் வைத்திருப்பவர்களும் கொடுத்துவைத்தவர்கள். 19 கிலோ மணி சரக்கு அறையில்தான் வந்தாக வேண்டும்.

சரக்கு அறை என்றதும் எல்லோருக்கும் வயிறு கலங்கும். விலங்குகளை வைக்கும் அந்தப் பகுதிக்குப் பயணிகள் அறை போலவே காற்றழுத்தம் உண்டு, வெப்பநிலையும் கட்டுப்பாட்டில் இருக்கும். நாய்க்குக் கஷ்டமான நேரம் வானத்தில் இருக்கும் நேரம் அல்ல, விமானத்தில் ஏற்றுவதற்கு முன் தரையில் காத்திருக்கும் நேரம். ஏப்ரல், மே மாதச் சென்னையில் பகல் விமானம் வேண்டவே வேண்டாம்.

பக், புல்டாக், பாக்சர், ஷிட்சு, பெர்சியன் பூனை மாதிரி சப்பை மூக்கு இனங்களைப் பல விமான நிறுவனங்கள் சரக்கு அறையில் ஏற்றுவதில்லை, அல்லது வெயில் காலத்தில் மறுத்துவிடும். அவற்றின் மூச்சுப்பாதையே குறுகலானது. வெப்பமும் பதற்றமும் சேர்ந்தால் ஆபத்து. பக் வைத்திருப்பவர்கள் வேறெதையும் செய்வதற்கு முன் விமான நிறுவனத்துக்குத்தான் போன் போட வேண்டும்.

கூண்டின் அளவுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நாயை நிற்க வைத்து நான்கு அளவு எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம். தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரை உயரம். தோள்களின் அகலம். தரையிலிருந்து தலை உச்சி அல்லது காது நுனி வரை உயரம், இரண்டில் எது பெரியதோ அது. கூண்டின் உள்நீளம், முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் வருவது. உள்ளகலம், தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. உள்ளுயரம், கடைசி அளவோடு விரிப்பின் தடிமனையும் கூட்டினால் வருவது. மணிக்கு 68, 34, 20, 58. ஆக நீளம் 68-ம் 17-ம் சேர்ந்து 85, அகலம் 40, உயரம் விரிப்போடு 61 சென்டிமீட்டர். நிமிர்ந்த காது என்பதால் காதுக்கே ஐந்து சென்டிமீட்டர் போய்விட்டது. சப்பை மூக்கு இனங்களுக்கு இந்தக் கணக்கை விடப் பத்து சதவீதம் பெரிதாக வேண்டும்.

கடையில் எழுதியிருப்பது வெளியளவு. டேப் எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்து அளந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் பெரியதை வாங்குங்கள். சின்னதாக இருந்தால் செக்-இன் கவுன்டரில் மறுப்பார்கள், அங்கே நின்று அழுது பயனில்லை. மேல்பாதி கீழ்பாதியைப் பிளாஸ்டிக் கிளிப்புக்குப் பதிலாக உலோக போல்ட் போட்டு இறுக்குங்கள். கதவு உலோகக் கம்பியாக இருக்கட்டும். நான்கு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் கதவில் மாட்டி, கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து ஊற்ற முடிய வேண்டும்.

வாங்கிய கூண்டைப் பரணில் ஏற்றாமல் அன்றைக்கே ஹாலில் வையுங்கள். கதவைக் கழற்றிவிட்டு, உங்கள் பழைய லுங்கியோ நைட்டியோ உள்ளே விரியுங்கள், துவைக்காததாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் வாரம் சாப்பாட்டுத் தட்டைக் கூண்டுக்கு வெளியே, அடுத்த வாரம் வாசலில், பிறகு உள்ளே. கழுத்தைப் பிடித்துத் தள்ளாதீர்கள். மணி பத்து நாள் கூண்டை ஒரு சந்தேகத்தோடு சுற்றி வந்தது. பதினோராம் நாள் மின்வெட்டில் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போயிருந்தபோது தானே உள்ளே போய்ப் படுத்துவிட்டது. தானாகப் படுக்க ஆரம்பித்த பிறகு கதவை மாட்டி ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். இரவு முழுக்க மூடிய கூண்டில் சத்தமில்லாமல் தூங்கினால் உங்கள் நாய் தயார். கடைசிக்கு ஒரு தடவை கூண்டோடு காரில் ஏற்றி, ஈ.சி.ஆர். பக்கம் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

தூக்க மாத்திரை கேட்காதீர்கள். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும் திறனையும் குறைக்கும். தள்ளாடும் நாய் கூண்டு ஆடும்போது கால் ஊன்றி நிற்கவும் முடியாது. மயக்கம் கொடுத்த விலங்கை விமான நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுவதும் இல்லை.

டிக்கெட்

டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு நாயைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு விமானத்தில் இத்தனை விலங்குதான் என்று வரம்பு உண்டு. உங்கள் கூண்டு அளவை ஏற்க முடியாத விமான வகையும் உண்டு. போன் செய்து நாயின் எடை, கூண்டின் அளவு இரண்டையும் சொல்லி இடம் இருக்கிறதா என்று கேட்டு, உங்கள் டிக்கெட்டையும் நாயின் இடத்தையும் ஒரே நேரத்தில் உறுதி செய்யுங்கள். எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

முடிந்தால் நேரடி விமானம். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு இருக்கிறது. நடுவில் இன்னொரு ஐரோப்பிய நாட்டில் இறங்கி மாறினால், நாய் ஐரோப்பாவுக்குள் நுழையும் நாடு அதுவாகிவிடலாம். சோதனையும் அங்கே, சான்றிதழின் மொழியும் அந்த நாட்டுக்கு ஏற்றபடி.

இன்னொரு பொறி குடும்பங்களுக்கு. கணவர் முதலில் போய் வீடு பார்ப்பார், மனைவியும் நாயும் இரண்டு மாதம் கழித்து வருவார்கள் என்று திட்டம் போடுவோம். நாய் உரிமையாளரோடு, அல்லது அவர் எழுதிக் கொடுத்து அனுப்பும் ஒருவரோடு வர வேண்டும். எழுதிக் கொடுப்பதாக இருந்தால் உரிமையாளரின் பயணமும் நாயின் பயணமும் ஐந்து நாள் இடைவெளிக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் வணிகக் கணக்கு, விதிகள் வேறு. தீர்வு எளிது: யார் நாயோடு வருகிறாரோ அவர் பெயரையே எல்லாக் காகிதத்திலும் உரிமையாளராகப் போட்டுவிடுங்கள். முதல் நாளிலிருந்தே.

இனம் என்ன என்று எழுதுகிறீர்கள்?

பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷையர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷையர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்கையும் அவற்றின் கலப்பையும் ஜெர்மனிக்குள் கொண்டுவர 2001 முதல் தடை இருக்கிறது. மாநிலங்களுக்குத் தனித்தனிப் பட்டியலும் உண்டு. நம் ஊர் கிளினிக்குகளில் தலை கொஞ்சம் பெரிதாக இருந்தால் விளையாட்டாக ‘பிட்புல் மிக்ஸ்’ என்று புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். அந்த விளையாட்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் வினையாகும். தெருவில் கிடைத்த நாய்க்கு நாட்டு நாய் அல்லது கலப்பினம் என்று உண்மையை எழுதச் சொல்லுங்கள். சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்றால் தாராளமாக அப்படியே எழுதலாம். கூண்டு மட்டும் பெரிதாக வேண்டியிருக்கும்.

கடைசிப் பத்து நாள்

இந்தியாவிலிருந்து விலங்கை வெளியே அனுப்பச் சான்று கொடுப்பது மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு மற்றும் சான்றளிப்பு அலுவலகம். சென்னைக்கு அது பள்ளிக்கரணையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நலச் சான்றிதழுக்கு அரசு மருத்துவரின் கையெழுத்து வேண்டும். தனியார் கிளினிக் கொடுக்கும் ‘பறக்கத் தகுதியானது’ என்ற சான்று விமான நிறுவனத்துக்கு. இரண்டும் வேறு வேறு, இரண்டும் தேவை.

நலச் சான்றிதழில் கையெழுத்தான நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஐரோப்பாவில் இறங்கிச் சோதனை முடிய வேண்டும். அதனால் ரொம்ப முன்னால் வாங்கவும் முடியாது, கடைசி நாளுக்கு ஒத்திப்போடவும் கூடாது. பயணத்துக்கு நான்கைந்து நாள் முன்னால் வருகிற மாதிரி முன்கூட்டியே நேரம் கேட்டு வையுங்கள். நடுவில் பொங்கல், தீபாவளி, நீண்ட வார விடுமுறை வருகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அந்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை. அதைக் கவனித்தது என் அம்மா, தினசரி காலண்டரில்.

சான்றிதழின் மாதிரிப் படிவத்தை ஜெர்மன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறக்கி, ஆங்கிலமும் ஜெர்மனும் உள்ள வடிவத்தில், நிரப்பக்கூடியவற்றை நிரப்பி எடுத்துப்போனால் வேலை சீக்கிரம் முடியும். படிவங்கள் அவ்வப்போது மாறும். போன வருடம் போன நண்பர் அனுப்பிய பிடிஎஃபை நம்பாதீர்கள். நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் இருக்க வேண்டியவை: தடுப்பூசிப் புத்தகத்தின் அசல், டைட்டர் ரிப்போர்ட்டின் அசல், சிப் சான்று, கிளினிக் சான்று, உங்கள் பாஸ்போர்ட், விசா, டிக்கெட், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். வணிக நோக்கமில்லாமல் கொண்டு போகிறேன் என்ற உங்கள் உறுதிமொழியும் சான்றிதழோடு சேர வேண்டும்.

கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, யாராவது ஒருவர் சிப் எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் ஒவ்வொரு காகிதத்திலும் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

பறக்கும் நாள்

புறப்பாட்டுக்கு ஐந்தாறு மணி நேரம் முன்னால் லேசான சாப்பாடு. மணிக்கு வழக்கமான தயிர் சாதம்தான், பாதி அளவு. புதிதாக எதையும் ஊட்டிப் பார்க்கும் நாள் அது இல்லை. தண்ணீர் வைத்துக்கொண்டே இருங்கள். மாலையில் நன்றாக நடக்க வைத்துக் களைப்பாக்குங்கள். கூண்டின் கிண்ணத்தில் முந்தின நாளே தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்தால், ஏற்றும்போது சிந்தாது, வழியில் மெல்ல உருகிக் குடிக்கக் கிடைக்கும்.

நான்கு மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருங்கள். பாதுகாப்புச் சோதனையில் நாயை வெளியே எடுக்கச் சொல்லி வெறும் கூண்டைச் சோதிப்பார்கள். அந்த நிமிடம்தான் நாய் நழுவி ஓடும் நிமிடம். கழுத்துப் பட்டை போதாது, உடம்பைச் சுற்றும் ஹார்னஸும் கயிறும் கையில் இருக்கட்டும். கூண்டுக்குள் அனுப்பும்போது கயிற்றைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் சிக்கும். காகித நகல் ஒரு செட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூண்டின் மேல் ஒட்டுங்கள். மூலக் காகிதங்கள் உங்கள் கைப்பையில்.

கூண்டை எடுத்துக்கொண்டு போகும்போது கட்டிப்பிடித்து அழாதீர்கள். நாய்க்குப் பயம் நம் குரலில் இருந்துதான் தொற்றுகிறது. நான் அழுதேன் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று: இறைச்சியும் பால் பொருளும் கலந்த உணவை ஐரோப்பாவுக்குள் பெட்டியில் கொண்டுவர முடியாது. நாய்க்கு வாங்கிய காய்ந்த கறித் துண்டு போகாது, உங்களுக்கு அம்மா கட்டிக் கொடுத்த நெய்யும் போகாது.

ஃபிராங்க்ஃபர்ட்டில்

சுங்கத்துறையின் சிவப்பு வாசல் வழியாகப் போய், நாய் இருக்கிறது என்று நீங்களாகவே சொல்லுங்கள். சிப்பைப் படிப்பார்கள், காகிதங்களைப் பார்ப்பார்கள். வரிசை சரியாக இருந்தால் அவ்வளவுதான், தனிமைப்படுத்தல் கிடையாது. சரியில்லையென்றால் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பலாம், உங்கள் செலவில் தனிமையில் வைக்கலாம். இரண்டுக்கும் வழியில்லாத கடைசி நிலையில் கருணைக் கொலை வரை விதியில் இடம் இருக்கிறது. தேதி தேதி என்று நான் அடித்துக்கொள்வது அதனால்தான்.

ஊருக்குள் போன பிறகு நாய் வரி கட்ட வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொகை. பெர்லினில் முதல் நாய்க்கு வருடம் 120 யூரோ. பெர்லின், ஹாம்பர்க் போன்ற மாநிலங்களில் நாயால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம். கட்டாயமில்லாத ஊரிலும் எடுத்துவிடுங்கள். மணி யாரோ ஒருவரின் சைக்கிள் முன்னால் பாய்ந்த அன்று எனக்கு அதன் அருமை தெரிந்தது. டாசோ என்ற பதிவேட்டில் சிப் எண்ணை இலவசமாகப் பதியலாம். வீட்டு ஒப்பந்தத்தில் ‘நாய், பூனை கூடவே கூடாது’ என்று பொத்தாம்பொதுவாக அச்சடித்திருந்தால் அது செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அதற்காக வீட்டுக்காரரிடம் கேட்காமல் கூட்டிப் போய்விட முடியாது. அவர் தகுந்த காரணம் சொல்லி மறுக்கலாம். வாடகைக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே நாயின் படத்தையும் வைத்துவிடுங்கள்.

வேறு நாடு போகிறவர்களுக்கு

அமெரிக்கா: 2024 ஆகஸ்ட் 1 முதல் நாய்க்குப் புதிய விதி. இந்தியா அவர்கள் பட்டியலில் நாய் ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடு. ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். சிப், ரேபிஸ் ஊசி, அரசு மருத்துவர் ஒப்பமிட்ட படிவம், இணையத்தில் நிரப்பும் இறக்குமதிப் படிவம் எல்லாம் வேண்டும். அவர்கள் பதிவு செய்த விலங்குப் பராமரிப்பு மையம் உள்ள குறிப்பிட்ட விமான நிலையங்களில்தான் இறங்கலாம், மையத்தில் முன்பதிவும் வேண்டும். டைட்டர் இல்லாமல் போனால் 28 நாள் அங்கே தனிமை. பூனைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

பிரிட்டன்: சிப், ஊசி, ரத்தம், மூன்று மாதக் கணக்கு ஐரோப்பாவைப் போலத்தான். கூடுதலாக நாய்க்கு நாடாப்புழு மருந்து, நுழைவதற்கு முந்தின 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் டாக்டர் கையால். அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே நாடுகளும் இந்தப் புழு மருந்தைக் கேட்கும். விமானத்தில் பிரிட்டனுக்குப் போகும் வளர்ப்பு விலங்கு பயணியின் லக்கேஜாக இல்லாமல் தனி கார்கோவாகத்தான் போக முடியும், உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு. அங்கே ஓர் ஏஜென்ட் வைத்துக்கொள்வது அறிவு. ஜெர்மனிக்கு ஏஜென்ட் தேவையில்லை என்பது என் கருத்து. நேரமில்லாதவர்கள் வைத்துக்கொள்ளலாம், தேதிகளை மட்டும் நீங்களே சரிபாருங்கள்.

சிங்கப்பூர்: இந்திய நாய்க்குத் தனிமைப்படுத்தல் உண்டு, இடத்தை முன்கூட்டியே பதிய வேண்டும். அதற்கு முன் வீட்டைப் பாருங்கள். அரசு அடுக்குமாடி வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றுதான் வளர்க்கலாம். பூனைக்கு 2024 செப்டம்பரில்தான் கதவு திறந்தது, வீட்டுக்கு இரண்டு.

ஆஸ்திரேலியா: இந்தியாவிலிருந்து நேரடியாக நாயைக் கொண்டுபோக முடியாது. அவர்கள் ஒப்புக்கொண்ட வேறொரு நாட்டில் தங்க வைத்து, அங்கிருந்துதான் போகலாம், போன பிறகு மெல்பர்ன் அருகே மிக்கிள்ஹாமில் தனிமைப்படுத்தல். வயதான நாய் என்றால் இதை நன்றாக யோசியுங்கள். அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ விட்டுவிட்டுப் போவதைச் சில நேரம் நாயே விரும்பலாம்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது

ஐரோப்பாவில் குடியேறிய பிறகு நாயோடு ஊருக்கு வந்து திரும்புவதாக இருந்தால், கிளம்பும் முன்பே ஜெர்மன் மருத்துவரிடம் ஐரோப்பியச் செல்லப்பிராணி பாஸ்போர்ட் எடுத்து, டைட்டர் பரிசோதனை அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகி, பூஸ்டரும் கெடு தவறாமல் இருந்தால் திரும்பும்போது மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். இந்தியாவுக்குள் நுழைய அதே தொற்றுத்தடுப்பு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றை முன்னதாகவே வாங்க வேண்டும். மணியின் அடுத்த பூஸ்டர் கெடு பிப்ரவரி 2. நாங்கள் ஜனவரி நடுவிலேயே போட்டுவிட்டு, பொங்கலுக்கு வரும் ஆசையை விட்டு, பிப்ரவரி கடைசிக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம்.